கிளட்ச் சத்தமா? கியர் சத்தமா?

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் போன் செய்து, "அரை மணி நேரம் பேசணும். எதைப் பத்தி வேணும்னாலும் பேசு. அறிவுரை மட்டும் வேண்டாம்ப்பா, பசங்க ஏற்கெனவே நொந்து போயிருக்காங்க" என்றார். சரி, நமக்குத் தெரிந்த தொழிலைப் பற்றியே பேசிவிடுவோம் என்று முடிவு செய்தேன். நான் சென்னைக்குப் பக்கத்தில் கார்களின் கியர்பாக்ஸ் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சத்தமும் அதிர்வும்தான் என் பிரிவு. "உன் மகன் என்ன வேலை பார்க்கான்?" என்று யாராவது கேட்டால் எங்கள் அம்மா, "கார்ல சத்தம் கேக்குற வேலை" என்பார்கள். அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது.

கையால் கியர் மாற்றி ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் காரில் கிளட்ச்சும் கியர்பாக்ஸும் போடுகிற சத்தத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்பதுதான் இன்றைய பொருள். "எட்டயபுரத்துல ஸ்போர்ட்ஸ் கார் ஏதுலே?" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் இந்தப் பாடத்துக்கு ஒரு நல்ல வகுப்பறை. குடும்பக் காரில் சத்தத்தை மறைக்க ரப்பரும் பஞ்சும் ஸ்பிரிங்கும் வைத்திருப்பார்கள். ஸ்போர்ட்ஸ் காரில் எடையைக் குறைக்க அதையெல்லாம் கழற்றிவிடுவார்கள். உள்ளே நடப்பது அப்படியே காதுக்கு வரும். அங்கே கேட்கப் பழகியவன், தூத்துக்குடி ரோட்டில் போகிற எந்த வண்டியின் சத்தத்தையும் பிரித்துச் சொல்லிவிடுவான்.

நம் ஊருக்கும் காதுக்கும் பழைய உறவு உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் மறைந்தது இந்த ஊரில்தான். அவருடைய சமாதி இங்கே இருக்கிறது. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தவர். மேல்நாட்டு வயலினை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர் என்று போற்றப்படுபவர். சுருதி விலகினால் அந்த நொடியே கண்டுபிடிக்கிற காது அவர்களுடையது. நமக்கு அவ்வளவு வேண்டாம். எந்தச் சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று கவனிக்கிற பொறுமை இருந்தால் போதும்.

தமிழ்நாடும் பந்தயக் காரும்

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் இத்தாலி, ஜெர்மனி என்று போய்விட வேண்டாம். இந்தியாவில் மோட்டார் பந்தயத்துக்குத் தாய்வீடு தமிழ்நாடுதான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில் ஆண்டுக்கணக்கில் கார் பந்தயம் நடந்தது. பிறகு 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ஓர் ஓடுதளம் வந்தது.

கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் என்று ஒருவர் இருந்தார். வெளிநாட்டுப் பந்தயக் காரை எல்லாராலும் வாங்க முடியாது என்று தெரிந்து, நம் தெருவில் ஓடிய மாருதி 800-ன் எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். அதுதான் ஃபார்முலா மாருதி. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான கோவை நரேன் கார்த்திகேயனும் தொடக்க காலத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டியவர்தான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அங்கே கல்லூரி மாணவர்கள் தாங்களே செய்த கார்களோடு வந்து போட்டியிடுகிறார்கள். நம் தம்பிகளும் போக வேண்டும் என்பது என் ஆசை. போகிறவர்களுக்கு இந்தப் பேச்சு உதவும்.

சத்தம் எங்கிருந்து பிறக்கிறது?

முதலில் அடிப்படை. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு இரண்டு சிலிண்டர் வெடிக்கும். கணக்குப் போட்டால் நொடிக்கு ஏறக்குறைய 27 தள்ளு. ஆக, எஞ்சின் ஒரே சீராகச் சுற்றுவது இல்லை. தள்ளித் தள்ளித்தான் சுற்றுகிறது. இந்தத் தள்ளு கியர்பாக்ஸுக்குப் போகாமல் தடுக்கத்தான் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம். குயவர் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். கனமாக இருப்பதால்தான் ஒரு தடவை சுற்றிவிட்டால் சீராக ஓடுகிறது. ஃப்ளைவீலுக்கும் அதே வேலைதான். அதற்கு மேல் கிளட்ச் பிளேட்டின் நடுவில் வட்டமாக நான்கைந்து ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். மிச்சமிருக்கும் தள்ளை அது விழுங்கிக்கொள்ளும்.

இனி கியர்பாக்ஸுக்குள் போவோம். ஐந்து கியர் உள்ள பெட்டியில் முன்னோக்கிப் போகிற ஐந்து ஜோடிப் பல்சக்கரங்களும் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியேதான் இருக்கும். நாம் கியர் போடும்போது ஒரு ஜோடியை மட்டும் ஷாஃப்டோடு பூட்டுகிறோம். மற்ற நான்கு ஜோடியும் சுமை இல்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் தலைமுடி அளவு இடைவெளி விட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சூடாகி இறுகிவிடும். அந்த இடைவெளியில்தான் சும்மா சுற்றும் பற்கள் முன்னும் பின்னும் தட்டிக்கொள்ளும்.

புரியவில்லையா? கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் எஞ்சின் ஓடியபடி நிற்கும்போது ஜன்னல் ஷட்டர் எல்லாம் கடகடவென்று ஆடும். பஸ் புறப்பட்டு வேகம் எடுத்ததும் அந்தக் கடகட அடங்கிவிடும். ஷட்டர் கெட்டுப் போனதாக அர்த்தமா? இல்லை. தளர்வாக இருக்கிற பொருளை மெதுவான ஆட்டம் ஆட்டுகிறது, அவ்வளவுதான். கியர்பாக்ஸின் ஐடிலிங் கடகடவும் இதே கதைதான்.

இப்போது ஸ்போர்ட்ஸ் காருக்கு வருவோம். ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் எஞ்சின் சீறி எழ வேண்டும் என்பதற்காக ஃப்ளைவீலின் எடையைக் குறைத்துவிடுவார்கள். குயவர் சக்கரம் லேசாகிவிட்டது. தள்ளு நேரே உள்ளே போகிறது. பந்தயத்துக்கென்று போடும் கிளட்ச் பிளேட்டில் பல நேரம் ஸ்பிரிங்கே இருக்காது. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட்டும் கெட்டியாக இருக்கும். மூன்றும் சேர்ந்தால், கார் சும்மா நிற்கும்போது டப்பாவுக்குள் கோலிக்குண்டு போட்டுக் குலுக்கியதுபோல் சத்தம் வரும். 1990களின் தொடக்கத்தில் வந்த போர்ஷே 911 ஆர்.எஸ். கார் இந்தச் சத்தத்துக்குப் பேர் போனது. அதன் ரசிகர்களுக்கு அது சங்கீதம். தெரியாதவருக்கு, "ஐயையோ, பெட்டி போச்சு!"

1980களின் நடுவிலிருந்து இரட்டை ஃப்ளைவீல் என்ற ஏற்பாடு வழக்கத்துக்கு வந்தது. ஒரே சக்கரத்தை இரண்டாகப் பிரித்து நடுவில் நீளமான ஸ்பிரிங் வைப்பது. சத்தம் வெகுவாகக் குறையும். ஆனால் அந்த ஸ்பிரிங் தளர்ந்துபோனால் எஞ்சினை அணைக்கும் நொடியிலும் கிளப்பும் நொடியிலும் டகடகவென்று உதறும். இது வேறு சத்தம். இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு வகை, ஊளை. மாருதி 800 பின்னால் போகும்போது "ஊய்ய்ங்" என்று ஒரு சத்தம் வருமே, சின்ன வயதில் நாம் எல்லாரும் வாயால் செய்து காட்டிய சத்தம்! முன் கியர்களின் பல் சாய்வாக வெட்டியிருக்கும். ஒரு பல் விடுபடுவதற்குள் அடுத்த பல் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லப் பிடித்துக்கொள்ளும். ரிவர்ஸ் கியரின் பல் நேராக வெட்டியிருக்கும். முழு அகலமும் ஒரே அடியாக இடிப்பதால் ஊளை. பந்தயக் கார்களில் பெரும்பாலும் எல்லாக் கியரும் நேர்ப்பல்தான். சாய்ந்த பல் ஷாஃப்டைப் பக்கவாட்டில் தள்ளும். நேர்ப்பல் தள்ளாது, பலமும் கூடுதல். அதனால் பந்தயக் காரில் ஊளை இருந்தால் ஆரோக்கியம். உங்கள் வீட்டுக் காரில் மூன்றாவது கியரில் புதிதாக ஊளை வந்தால் நோய். சத்தம் ஒன்றுதான், இடம்தான் வேறு.

நான்கு கேள்விகள்

சத்தம் கேட்டதும் "என்ன சத்தம்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எப்போ வருது?" என்று கேளுங்கள். நான் வேலையில் கற்றது மொத்தமும் இந்த ஒரு வரிதான். சத்தத்தின் சாயலை வைத்து முடிவு செய்தால் ஏமாந்து போவோம். ஒருவருக்குக் கரகர, இன்னொருவருக்குக் குருகுரு. ஆனால் அது வருகிற நேரமும் போகிற நேரமும் எல்லார் காதுக்கும் ஒன்றுதான்.

முதல் கேள்வி: வண்டி நிற்கும்போதே வருகிறதா, ஓடும்போது மட்டுமா?

இரண்டாவது: கிளட்ச் பெடலை மிதித்தால் சத்தம் வருகிறதா, போகிறதா? இது மிக முக்கியம். நியூட்ரலில் ஐடிலிங்கில் இருக்கும்போது பெடலை மிதித்தால் கியர்பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட் சுற்றுவது நின்றுவிடும். அப்போது சத்தமும் நின்றால், அது பெட்டிக்குள் இருக்கும் சத்தம்: சும்மா சுற்றும் பற்களின் கடகடவாக இருக்கலாம், அல்லது இன்புட் ஷாஃப்ட் பேரிங்காக இருக்கலாம். கடகட என்று தளர்வாகக் கேட்டால் முன்னது. ஒரே சீராக உறுமினால் பேரிங்கைச் சந்தேகப்படலாம். மாறாக, பெடலில் கால் பட்டதும் கீச்சென்று ஆரம்பித்தால் ரிலீஸ் பேரிங். முழுக்க மிதித்து ஒரு நொடி கழித்து, ஷாஃப்ட் நின்ற பிறகு ஆரம்பித்தால், அது ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் சின்ன பைலட் பேரிங்காக இருக்கலாம். எல்லா வண்டியிலும் அது இருக்காது. இருக்கிற வண்டியில் பாருங்கள்.

மூன்றாவது: எல்லாக் கியரிலும் வருகிறதா, ஒரே ஒரு கியரில் மட்டுமா? ஒரு கியரில் மட்டும் ஊளை என்றால் அந்த ஜோடிப் பல். ஒரு கியர் போடும்போது மட்டும் கர்ரென்று அரைத்தால் அந்தக் கியரின் சிங்க்ரோனைசர் ரிங். எல்லாக் கியரும் அரைத்தால் பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். கிளட்ச் முழுசாக விடுபடவில்லை. கேபிள் நீண்டிருக்கலாம், ஹைட்ராலிக்கில் காற்று புகுந்திருக்கலாம். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. நின்ற வண்டியில் கிளட்ச்சை முழுசாக மிதித்து, நான்கு நொடி பொறுத்து, ரிவர்ஸ் போடுங்கள். பொறுத்த பிறகு அரைக்காமல் விழுந்தால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. பொறுத்தும் அரைத்தால் கிளட்ச் விடுபடவில்லை. இதற்கு ஒரு பைசா செலவு கிடையாது.

நான்காவது: சத்தம் எஞ்சின் வேகத்தோடு கூடுகிறதா, வண்டி வேகத்தோடு கூடுகிறதா? அறுபது கிலோமீட்டரில் நான்காவது கியரிலிருந்து மூன்றாவது கியருக்கு மாற்றுங்கள். வண்டி வேகம் அதே. எஞ்சின் வேகம் கூடிவிட்டது. சத்தம் மாறினால் அது எஞ்சின், கிளட்ச் பக்கம். மாறாவிட்டால் சக்கரத்துப் பக்கம்: டயர், வீல் பேரிங், டிஃபரன்ஷியல். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் ஊளையிட்டு, விட்டதும் அடங்கினால் கிரௌன் பினியனைப் பாருங்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது டக் டக் என்று தட்டினால் ஆக்சில் முனையில் இருக்கும் சி.வி. ஜாயின்ட்.

பணத்தைக் காப்பாற்றிய காது

இதெல்லாம் ஏட்டுப் படிப்பு என்று நினைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் அண்ணாச்சி, விளாத்திகுளம் பக்கம், சொந்த டீசல் காரை வாடகைக்கு ஓட்டுகிறார். வீட்டில் அவர் ஒருவர் சம்பாத்தியம்தான். வண்டியில் ஐம்பதைத் தாண்டினால் ஒரு குருகுரு. பட்டறையில், "பெட்டிய இறக்கணும், முப்பதாயிரத்துக்கு மேல ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். மதினியின் வளையலை அடகு வைக்கக் கிளம்பியவர், எதற்கும் கேட்டுவைப்போம் என்று பொங்கலுக்கு ஊர் வந்திருந்த என்னிடம் வந்தார். "தம்பி, நீ சத்தம் கேக்குற வேலைதானே பாக்கே? இதக் கொஞ்சம் கேளு" என்றார்.

விடியற்காலையில் ஆளில்லாத ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். மூன்றாவது கியர், நான்காவது கியர்: சத்தத்தில் மாற்றம் இல்லை. அறுபதில் போகும்போது நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, எஞ்சினை அணைக்காமல், சும்மா உருள விட்டோம். சத்தம் அப்படியே இருந்தது. (எஞ்சினை ஒருபோதும் அணைக்கக் கூடாது, பிரேக் உதவியும் ஸ்டியரிங் உதவியும் போய்விடும்.) அகலமான இடத்தில் மெல்ல வலப்பக்கம் திருப்பினால் சத்தம் கூடியது, இடப்பக்கம் திருப்பினால் குறைந்தது. வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடப்பக்கச் சக்கரத்தில் இறங்கும். வீட்டுக்கு வந்து இடப்பக்க முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி, இன்னொரு கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வைத்தேன். மணல் அரைப்பதுபோல் கைக்குத் தெரிந்தது. அண்ணாச்சி கையையும் வைக்கச் சொன்னேன். அவருக்கும் தெரிந்தது. வீல் பேரிங். கூலியோடு சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சத்தில் முடிந்தது. வளையல் வீட்டிலேயே இருந்தது.

நேர் எதிரான கதையும் உண்டு. சென்னையில் ஒரு நண்பர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினார். முன்பு வைத்திருந்தவர் லேசான ஃப்ளைவீலும் பந்தயக் கிளட்ச்சும் போட்டிருந்தார். ஐடிலிங்கில் ஒரே கடகட. ஒரு பட்டறையில் பெட்டியை இரண்டு தடவை இறக்கி ஏற்றினார்கள், நல்ல பேரிங்கை எல்லாம் மாற்றினார்கள், சத்தம் போகவில்லை. எப்படிப் போகும்? கிளட்ச்சை மிதித்தால் நிற்கிறது. கியர் போட்டு ஓட்டினால் இல்லை. காலையில் குறைவு, வெயிலில் ஓடி எண்ணெய் சூடாகி இளகிய பிறகு அதிகம். இது நோய் இல்லை, அந்தக் காரின் இயல்பு. நண்பர் இப்போது அந்தச் சத்தத்தோடேயே சந்தோஷமாக ஓட்டுகிறார்.

இரண்டு கதைக்கும் ஒரே பாடம். சத்தத்தைப் பிரித்துப் பார்க்காமல் ஸ்பேனரை எடுத்தால் அடுத்தவன் காசு போகும். ஒரு பட்டறைக்காரர் தெரியாமல் செய்தாலும் சரி, தெரிந்தே செய்தாலும் சரி, வண்டிக்காரனுக்கு நஷ்டம் ஒன்றுதான். நாளைக்கு அந்த இடத்தில் நிற்கப் போவது நீங்கள்.

பயப்பட வேண்டிய சத்தங்கள்

அதற்காக எல்லாச் சத்தத்தையும் இயல்பு என்று விட்டுவிடவும் கூடாது. ரிலீஸ் பேரிங் கீச்சிடத் தொடங்கினால் நாள் தள்ளாதீர்கள். அது இறுகிப்போனால் பிரஷர் பிளேட்டின் விரல்களைத் தேய்த்துத் தின்றுவிடும். பிறகு ஒருநாள் பெடலை மிதித்தாலும் கிளட்ச் விடுபடாது. சிக்னலில் நிற்க வேண்டிய வண்டி நிற்காது. சத்தமே இல்லாமல் எஞ்சின் மட்டும் சீறி, வண்டி வேகம் எடுக்காமல், தீய்ந்த வாடை வந்தால் கிளட்ச் வழுக்குகிறது. அதோடு ஓட்டினால் ஃப்ளைவீலும் சேர்ந்து போகும். ஓடும்போது தாளம் தவறாமல் டொக், டொக் என்று அடித்தால் பல் உடைந்திருக்கலாம். அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. "கியர் ஆயில்தானே, எதையாவது ஊத்து" என்று சொல்லக் கூடாது. ஜி.எல்.-4 கேட்கிற பெட்டியில் ஜி.எல்.-5 ஊற்றினால், சிங்க்ரோனைசர் ரிங்குக்கு வேண்டிய பிடிப்புக் குறையலாம். சில வகை எண்ணெயில் உள்ள மருந்து பித்தளை ரிங்கை அரிக்கவும் கூடும். கியர் அரைக்க ஆரம்பிக்கும். பழி பெட்டி மேல் விழும். வண்டியோடு தந்த புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணெய்தான் சரி. புத்தகத்தைத் திறந்து பாருங்கள். கண்ணாடித்தாள் கூடப் பிரிக்காமல் டேஷ்போர்டில் கிடக்கும்.

உப்பு லாரியும் பந்தயக் காரும்

அந்தக் காலத்து லாரிகளில் சிங்க்ரோனைசர் கிடையாது. அமெரிக்காவில் 1928-லேயே காடிலாக் காரில் வந்துவிட்டது. நம் அம்பாசடர் காரின் முதல் கியருக்கு வெகுகாலம் வரவில்லை. தூத்துக்குடி உப்பளத்திலிருந்து லோடு ஏற்றி வந்த பழைய டிரைவர் மாமாக்களைக் கேட்டுப் பாருங்கள். "டபுள் கிளட்ச் போடணும் மாப்ள" என்பார்கள். கிளட்ச் மிதி, நியூட்ரலுக்குக் கொண்டுவா, கிளட்ச் விடு, ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டு, மறுபடி மிதி, கீழ் கியர் போடு. எதற்கு அந்தத் தட்டு? கீழ் கியருக்கு ஷாஃப்ட் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். இரண்டு பக்க வேகமும் ஒத்துப்போனால் பல் சத்தமில்லாமல் விழும்.

பந்தய ஓட்டுநர் வளைவுக்கு முன் ஒரே காலின் முன்பாதத்தால் பிரேக்கையும் ஓரத்தால் ஆக்சிலரேட்டரையும் மிதித்துச் செய்கிற வித்தை இருக்கிறதே, அதன் அடிப்படையும் இதுதான்: வேகத்தை ஒத்துப்போக வைப்பது. இருங்காட்டுக்கோட்டையில் கைதட்டு வாங்குகிற வித்தையை, உப்பு லாரி டிரைவர் டீசலும் வேர்வையுமாக யாரும் பார்க்காமல் செய்தார். அவருக்கு டாக்கோமீட்டர் கிடையாது. காதுதான்.

இனி கிளட்ச்சே இல்லாத கார் வருகிறதே?

சிலர் மனதில் ஒரு கேள்வி ஓடும். "அண்ணே, இதெல்லாம் பழங்கதை. தூத்துக்குடியிலேயே மின்சாரக் கார் வந்தாச்சு." உண்மைதான். வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்டில் தூத்துக்குடி சிப்காட்டில் தொழிற்சாலையைத் திறந்துவிட்டது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 வண்டி என்பது திட்டம். அந்தக் கார்களில் கிளட்ச் பெடலும் கிடையாது, மாற்ற ஐந்து கியரும் கிடையாது.

ஆனால் பல்சக்கரம் இருக்கிறது! மோட்டார் சுற்றுகிற வேகத்தில் சக்கரத்தைச் சுற்ற முடியாது. வேகத்தைக் குறைக்க ஒரு கியர் வேண்டும். அந்த ஊளையை மூடி மறைக்க எஞ்சின் சத்தம் அங்கே இல்லை. முன்பு கேட்காத சின்ன ஊளைகூட இப்போது தெளிவாகக் கேட்கும். என் பிரிவில் வேலை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 50 சுற்று. அந்தச் சக்கரத்தில் 20 பல் இருந்தால், நொடிக்கு 1000 தடவை பல்லோடு பல் சேரும். ஊளையின் சுருதி 1000 ஹெர்ட்ஸ். அதில் ஒரே ஒரு பல்லில் மட்டும் அடி விழுந்திருந்தால் நொடிக்கு 50 தடவை ஒரு தட்டல் கேட்கும். மின்சாரக் காரில் 12,000 சுற்று, 25 பல் என்று போட்டுப் பாருங்கள்: 5000 ஹெர்ட்ஸ், காதைத் துளைக்கும். உங்கள் போனிலேயே சத்தத்தின் அலைவரிசையைப் படம் போட்டுக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. பணிமனையில் இருக்கும் பழைய கியர்பாக்ஸை மோட்டாரில் ஓட்டி, பல்லை எண்ணி, கணக்குப் போட்டு, போனில் வருகிற எண்ணோடு ஒத்துப் பாருங்கள். மதிப்பெண்ணுக்காக இல்லை. முதல் தடவை இரண்டு எண்ணும் ஒன்றாக வரும்போது ஒரு சந்தோஷம் வரும், அதற்காக.

அறிவுரை வேண்டாம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். அதனால் வேண்டுகோளாக வைக்கிறேன். நீங்கள் பட்டறை வைத்தாலும், சிப்காட்டில் சேர்ந்தாலும், கடல் கடந்து போனாலும், ஒரு வண்டிக்காரர் வந்து "சத்தம் வருது தம்பி" என்று சொன்னால் முதலில் அவரைப் பேச விடுங்கள். எப்போ வருது, கிளட்ச் மிதிச்சா போகுதா, எந்த கியர்ல என்று நான்கு கேள்வி கேளுங்கள். பிறகு அவரையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கள். ஸ்பேனரை அதற்குப் பிறகு எடுக்கலாம். தன் வண்டியின் சத்தத்தை வண்டிக்காரரைவிட நன்றாகக் கேட்டவர் யாரும் கிடையாது. அவருக்குப் பெயர் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். பெயர் சொல்வதற்குத்தான் நாம் படித்திருக்கிறோம்.

 வெளியே நிற்கிற வண்டிகளில் சத்தம் உள்ளவர்கள் தயங்காமல் சாவியைக் கொடுங்கள். சாயங்காலம் வரை நான் இங்கேதான் இருப்பேன்.